புகை

என் முருங்கைத் தோட்டம் காய்ந்த வருடம், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியின் ஏஜெண்ட் ஒருவர் என்னைத் தேடி வந்தார். என் நிலத்தில் இரண்டு போர் போட்டும் தண்ணீர் வராமல் நான் நொந்திருந்தது அவருக்குத் தெரியும். நான் குஜிலியம்பாறை டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், போர் பற்றிப் பேச்சு வந்தால் அவருடைய ஆள் நீரோட்டம் பார்த்த இடங்களில் தண்ணீர் பீறிட்டதை நேரில் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. போருக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கூலி பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட வழியில்லை. ஒப்புக்கொண்டேன்.

நான் சொன்னால் ஜனங்கள் நம்பினார்கள். மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிக்கிறவன், வம்பு தும்புக்குப் போகாதவன். அதற்காகத்தான் ஏஜெண்ட் என்னைப் பிடித்திருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த அக்கா ஒருத்தி என்னை நிறுத்தினாள். புருஷன் இறந்தபின் இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைத்தவள்.

"தம்பி, நீ பொய் சொல்ல மாட்ட. அந்த ஆளு காட்டுற எடத்துல தண்ணி வருமா?"

"வரும்க்கா. நானே கண்ணால பாத்தேன்."

மாடுகளை விற்றுவிட்டாள்.

போர் போட்ட அன்று நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. எண்ணூறு அடி இறங்கியும் வெறும் புகைதான் வந்தது. வெள்ளைத் தூசி அவள் தலையிலும் தோளிலும் படிந்தது. ஏஜெண்ட் என் பக்கம் திரும்பாமலே, "ஆயிரம் வரைக்கும் போயிப் பாப்பமா?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு தம்பி."

நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு மிச்சமிருந்ததையாவது காப்பாற்றியிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் இதுவரை சொன்னதெல்லாம் என்ன என்று கேட்பாளே என்று பயந்தேன்.

"போட்டுப் பாருங்கக்கா" என்றேன்.

ஆயிரத்திலும் புகைதான்.

பத்து நாள் அவள் தெருப் பக்கமே போகவில்லை. பிறகு அவள் வீட்டு வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"எம் போருக்கு ஒனக்கு எம்புட்டு குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சொன்னேன்.

"அம்புட்டுத்தானா?" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏஜெண்டின் வேலையை அன்றே விட்டேன். டீக்கடையில் உண்மையைச் சொன்னபோது, கமிஷன் தகராறாக இருக்கும் என்று சிரித்தார்கள். அந்தப் போர் வண்டி இப்போது எரியோடு ஊர்ப் பக்கம் ஓடுகிறது. அக்கா நூல் மில் வேனில் வேலைக்குப் போகிறாள். வேன் என் தோட்டத்தைத் தாண்டும்போது, வரப்பில் நிற்கும் எனக்கு நிமிர்ந்து பார்க்கத் துணிவு வருவதில்லை.