‘அழுவுற கிளாஸ்’

காய்ச்சிய பாலும் பினாயிலும் குழந்தைகளின் மூத்திரமும் கலந்த ஒரு வாடை எங்கள் ரப்பர் தோட்டத்து ‘ஆயாக் கொட்டகை’க்கு உண்டு. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அந்தத் தகரக் கொட்டகையில்தான், எழுபதுகளின் கடைசியில், அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த பிள்ளைகள் நாங்கள் சனிக்கிழமை மதியங்களில் கூடி உட்கார்ந்து அழக் கற்றுக்கொண்டோம். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்த பையன்கள் அதற்கு ‘அழுவுற கிளாஸ்’ என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். பாடாங் செராய் வட்டாரத்தில் வேறெந்தத் தோட்டத்தில் அப்படியொரு வகுப்பு இருந்தது என்று இன்றைக்கும் மார்தட்டிக் கேட்பேன்.

மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மரம் திசை மாறி விழுந்து அப்பா இறந்தார். எனக்குப் பத்து வயது, தங்கை தேவிக்கு ஆறு. சாவு வீட்டிலிருந்து சின்னப் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிடுவது எங்கள் லயத்து வழக்கம். தேவியைச் செமிலிங்கில் இருந்த தூரத்து உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கருமாதி முடிந்து அவள் திரும்பியபோது, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரும் கோயில் தலைவருமான பெருமாள், நல்லெண்ணத்தில்தான், “அப்பா கப்பலேறி ஊருக்குப் போயிருக்காரு பாப்பா” என்று சொல்லிவைத்தார். அந்தக் காலத்தில் பினாங்கில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர்கள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள், புதுச் சேலையும் முறுக்கு டின்னுமாகத் திரும்பியும் வந்தார்கள். வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் அந்தப் பொய்யை நம்பாமலாவது இருந்திருக்கும். எங்கள் லயத்துப் பிள்ளைக்கு அதைவிட நம்பத்தகுந்த செய்தி வேறு கிடையாது.

தேவி காத்திருந்தாள். மண்டோரைக் கண்ட இடத்திலெல்லாம், “தலைவரே, கப்பல் வந்துருச்சா?” என்று கேட்டாள். ஓர் அதட்டலில் ஆட்களை ஓடவிடுகிற அந்த மனிதர், ஆறு வயசுப் பிள்ளைக்குப் பயந்து லயத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். தேவி சரியாகச் சாப்பிடவில்லை, பள்ளியில் வாய் திறக்கவில்லை. ஒருநாள் பள்ளி விட்டதும் அப்பாவின் சிலிப்பரைப் பையில் வைத்துக்கொண்டு, கப்பலுக்கு எதிரே போய் நிற்பதற்காக, பினாங்குப் பக்கம் போகும் கூலிம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கூலிம் பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றவளை எங்கள் தோட்டத்து மளிகைக் கடைக்காரர் அடையாளம் கண்டு தம் காடியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். அம்மா அவளை அடிக்கவில்லை. “இன்னொரு தடவ போனா இவளும் எனக்கு இல்ல” என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்குப் போனது. அவர் பாடாங் செராயில் தையல்கடை வைத்திருந்த ரோசக்காவிடம் போனார். ரோசக்கா கத்தோலிக்கர், சாவைப் பார்த்த பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று மாதா கோயிலில் பயிற்சி எடுத்தவர். ‘கவுன்சிலிங்’ என்ற சொல்லை நாங்கள் முதலில் கேட்டது அவர் வாயில்தான். பிள்ளைகளை வேதத்துக்கு இழுக்க வருகிறார்கள் என்று லயத்தில் முணுமுணுப்பு கிளம்பியதும், ரோசக்கா நேரே மாரியம்மன் கோயில் கமிட்டி முன்னால் வந்து நின்றார். “சாமியப் பத்திப் பேச மாட்டேன்லா. உங்க ஆளு ஒருத்தரு கூடவே உக்காரட்டும், நான் தப்பாப் பேசுனா எழுப்பி அனுப்பிடுங்க” என்றார். அப்படி உருவானதுதான் அந்தக் கூட்டு: கொட்டகை தோட்டத்துடையது, மைலோவும் கலர் பென்சிலும் மாதா கோயிலுடையது, பிள்ளைகளை அழைத்து வருவது தலைமையாசிரியர். கமிட்டியின் சார்பில் காவலுக்கு உட்கார வந்தவர் பெருமாள் மண்டோர்.

ரோசக்கா எங்களுக்குப் புத்தி எதுவும் சொல்லவில்லை. செத்துப்போனவரிடம் சொல்ல நினைப்பதைச் சொல்லுங்கள், கோபமாக இருந்தால் திட்டவும் திட்டலாம் என்றார். நாங்கள் திருதிருவென்று முழித்தோம். லயத்தில் ஒப்பாரிக்குப் பெயர்போன என் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். “எதுக்கு முழிக்கிறீங்க? ஒப்பாரியில நாங்க பாடுறதுல பாதி திட்டுதானே!” என்றாள். ரோசக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம், அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். தேவியின் முறை வந்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, “எங்கப்பா சாவல. ஊருக்குப் போயிருக்காரு. தலைவரக் கேளுங்க” என்றாள்.

எல்லாரும் மண்டோரைப் பார்த்தோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அப்பா இருக்கும் இடத்தையும் காட்ட வேண்டும் என்றார் ரோசக்கா. மண்டோர் பதறிப்போனார். “பொம்பளைங்களும் புள்ளைங்களும் சுடுகாட்டுக்கா? ஊரு என்ன பேசும்?”

அம்மா அசரவில்லை. “பேசட்டும் அண்ணே. கப்பல விட்டது நீங்க. நீங்களே கரை சேத்து வுடுங்க.”

மறுநாள் மண்டோர் முன்னால் நடந்தார்; அம்மாவும் ரோசக்காவும் நாங்கள் இருவரும் பின்னால் போனோம். லயத்துச் சனம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அப்பாவைப் புதைத்த மேட்டருகே மண்டோர் குந்தி உட்கார்ந்து, “பாப்பா, நான் பொய் சொல்லிட்டேன். அப்பா மேல மரம் விழுந்துருச்சு. செத்துப் போயிட்டாரு. இங்கதான் பொதைச்சோம்” என்றார். தேவி இரண்டு கைகளாலும் அந்த மண்ணை அடித்தாள். “மரம் விழுறப்ப ஏம்பா ஓடல? ஓட வேண்டியதுதானே! ஏம்பா ஓடல?”

அம்மா அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அதே கேள்வியை ஒப்பாரியாக எடுத்துப் பாடினாள். நானும் சேர்ந்துகொண்டேன். மண்டோர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் தேவி சோறு கேட்டாள், இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு அம்மாவைப் பார்க்கப் பார்க்கப் பெருமை பொங்கியது.

அதற்குப் பிறகு எண்பதுகள் முழுக்க ரோசக்காவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, எந்தத் தோட்டத்தில் சாவு விழுந்து பிள்ளை தனித்துப்போனாலும் அம்மா அங்கே போனாள். சாவு வீடுகளில் மண்டோர், “புள்ளைங்ககிட்ட மட்டும் பொய் சொல்லாதீங்க, பட்டவன் சொல்றேன்” என்று பெரியவர்களை அதட்டுவார்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. லயங்களை இடித்துப் பாமாயில் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள், கொட்டகை இருந்த இடம் எனக்கே சரியாகத் தெரியவில்லை. பினாங்குக் கப்பலும் நின்றுபோயிற்று. மண்டோரும் ரோசக்காவும் போய்ச் சேர்ந்தார்கள். போன வருடம் அம்மா இறந்தபோது பெண்களும் பிள்ளைகளும் இடுகாடு வரை நடந்தோம், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் கொட்டகையில் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த ஒருவர், இப்போது நரைத்த மீசை வைத்த லோரி டிரைவர், குழியோரம் நின்று, “ஆஸ்பத்திரிக்குப் போன்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டியா நீ? புடிவாதக்காரி!” என்று தொண்டை கிழியத் திட்டினார். தேவி தன் பேத்தியை முன்னால் நிறுத்தி, “உனக்கு என்ன கேக்கணுமோ கேளும்மா” என்றாள். அந்தப் பொடிசு குழிக்குள் எட்டிப் பார்த்து, இனிமேல் தனக்கு யார் தலை பின்னிவிடுவது என்று கேட்க ஆரம்பித்தது. மண் தள்ள வந்த ஆட்கள், அவள் கேட்டு முடிக்கும்வரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.