பனியன் வேஸ்ட் அடைத்த வீடு

"ஏனுங்க அக்கா, நீங்க வேல செஞ்ச ஊட்டுல என் சம்சாரத்துக்கு மூச்சு இழுப்பு வந்துருச்சுங்க. பல்லடத்துல அவங்கம்மா ஊட்டுக்கே போயிட்டா. எல்லாத்தையும் பிரிச்சுப் போடட்டுங்களா?"

போனில் செல்வராஜ். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் நடத்துகிறவர். கோபத்திலும் 'ங்க' குறையவில்லை. கரண்ட் செலவு குறைகிற மாதிரி வீடுகளுக்கு இன்சுலேஷன், ஏசி, வென்டிலேஷன் அமைப்பது என் தொழில். அவர் வீட்டுக்கும் நாங்கள்தான் செய்திருந்தோம். உடனே கிளம்பினேன்.

போய்ப் பார்த்தேன். வீடு குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆனால் மெத்தை பிசுபிசுத்தது, பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் பூசணம். ஈரப்பத மீட்டர் எண்பது சதவீதத்தைத் தாண்டியது. வெயில் ஏறாத வீட்டில் அறை சீக்கிரம் குளிர்ந்து ஏசி தானாக நின்றுவிடும். குளிர்ச்சி கிடைக்கும், ஈரத்தை முழுசாக இழுக்காது. சமையல், குளியல், மூச்சு என்று சேரும் ஈரத்தை வெளியே தள்ளத்தான் தனியாக ஃபேன் வைத்திருந்தோம். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, காற்றுதான் போகவில்லை.

ஏணி போட்டு ஏறி, ஃபேன் காற்றை வெளியே விடும் குழாயின் மூடியைக் கழற்றினேன். உள்ளே பனியன் வேஸ்ட், கம்பெனியில் மிஞ்சும் துணிக் கழிவு. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"யாருங்க இதை அடைச்சது?"

"நான்தானுங்க" என்றார் பெருமையாக. "நிட்டிங் ஹால்ல ஈரம் விடற ஹியூமிடிஃபயர் ஓடறப்ப சந்துபொந்தெல்லாம் இப்படித்தானுங்க அடைப்போம். ஈரம் போச்சுன்னா நூலு அறுந்துருமுங்க. இங்கயும் ஏசிக் காத்து வீணாப் போகுதேன்னு..."

"நூலுக்கு ஈரம் வேணுமுங்க. உங்க ஊட்டுல நூலா குடியிருக்குது?"

சிரிக்க வந்தவர் சுவரைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப அவளுக்கு இழுப்பு என்னாலதானுங்களா?" கண் கலங்கிவிட்டது. நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்த எனக்கு மனசு இளகிவிட்டது.

பூசணத்தைச் சுரண்டி மருந்தடித்தோம். ஏசியை ஈரம் இழுக்கும் டிரை மோடில் விட்டுச் சுவரைக் காய வைத்தோம். ஹாலில் ஒரு ஈரப்பத மீட்டர் மாட்டி, முள் அறுபதைத் தாண்டக் கூடாது என்றேன்.

சுவர் காய்ந்ததும் அவர் மனைவி பூங்கொடி பல்லடத்திலிருந்து வந்தார். கையில் இருந்த பையைக் கீழே வைக்கவில்லை. கணவர் போனில் சொல்லியிருந்த மீட்டரிடம் நேரே போனார். முள் அறுபதுக்குக் கீழே நின்றது.

"இது ஏறுச்சுன்னா நான் பல்லடம் பஸ் ஏறிருவேனுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் பையை உள்ளே கொண்டுபோனார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வேலை முடித்துச் சாவி கொடுக்கும்போது வீட்டுக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று கேளுங்கள். எந்த ஓட்டை எதற்கு என்று அவர் தொழிலை வைத்தே விளக்குங்கள்.

போன வாரம் பூங்கொடி கூப்பிட்டார். இழுப்பு வரவே இல்லையாம். "இவருதானுங்க அக்கா, சமைக்க விடமாட்டேங்கறாரு. குக்கர் விசில் அடிச்சா மீட்டருகிட்ட ஓடறாரு."