இடப்பக்கப் படிக்கட்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் வண்டவாளத்தை, என் மகள் பக்கத்தில் நிற்கும்போதே, ஒரு கல்லூரி மாணவி மைக் பிடித்து அறிவித்தாள். அது என் வண்டவாளம்தான் என்று அவளுக்குத் தெரியாது. அதுதான் கொடுமை!

நான் படித்த கல்லூரி பெங்களூருவின் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஏன் என்று போகப் போகப் புரியும். கருங்கல் கட்டடம், உயரமான ஜன்னல்கள், என்ன கத்தினாலும் பறக்காத புறாக்கள். இப்போது ஞாயிறுதோறும் அங்கே ‘ஹெரிடேஜ் வாக்’. மாணவர்களே கைடு. மகள் நிலாவை இழுத்துக்கொண்டு போனேன்.

நிஜமாகவே இழுத்துக்கொண்டுதான். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறாள். மேத்ஸில் ஃபெயிலாகி ஒரு பேக்லாக். அடுத்த மாதம் மறுபடி எழுத வேண்டும். ஒரு வாரமாக வீட்டில் என் பிரசங்கம்.

“நான் கேஜிஎஃப்லேருந்து தினம் ரயிலேறி வந்து படிச்சவ. ஃபெயிலுன்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது!”

வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். “அம்மாவப் பாத்துக் கத்துக்கோ, நிலா.”

கல்லூரியில் எங்களுக்கு வாய்த்த கைடு ஸ்வாதி. தொம்மலூர்ப் பெண். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டாள். அடிக்கல் நாட்டியவர்கள் பெயர் பொறித்த பளிங்குக் கல்லைக் காட்டினாள். ஒருவரும் படிக்கவில்லை. பெஞ்சில் காம்பஸால் கிறுக்கிய இதயங்களை மட்டும் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். அப்புறம் மெயின் ஹாலுக்கு வந்தோம். அங்கிருந்து மாடிக்கு இரண்டு படிக்கட்டுகள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

“இதுதான் எங்க காலேஜ்லயே ரொம்ப ஃபேமஸ், ஆண்ட்டி. எக்ஸாம் டைம்ல லெஃப்ட் படில யாருமே ஏற மாட்டோம். ஏறினா ஃபெயில் கேரண்டி. பிரிட்டிஷ் காலத்துலேருந்து இருக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரிட்டிஷ் காலமா? அடிப்பாவி... அதைக் கிளப்பிவிட்டதே நான்தானே!

நடந்தது இதுதான். எங்கள் ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டினால் அதன் இஷ்டத்துக்குத்தான் வரும். ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்தால், ஒன்பது மணி வகுப்புக்கு இரண்டு நிமிஷம்தான் பாக்கி இருக்கும். இடப்பக்கப் படி ஏறினால் நேரே வகுப்பு வாசல். ஆனால் ஜன்னல் காற்றுக்காகக் கல்லூரியே அந்தப் படியில்தான் உட்கார்ந்து அரட்டை அடிக்கும். மிதித்துக்கொண்டா ஏறுவது? புரொஃபசர் மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார். அட்டெண்டன்ஸ் குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. என்ன செய்வேன்? லேடீஸ் ரூமில் இரண்டே பேரிடம், குரலைத் தாழ்த்தி, அந்தப் புரளியைப் போட்டேன்.

பத்து நாளில் படி காலி! நான் மட்டும் ராணி மாதிரி ஏறினேன்.

“உனக்குப் பயமா இல்லியா?” என்று கேட்டவர்களுக்கும் பதில் வைத்திருந்தேன். “எங்கப்பா தினம் தங்கச் சுரங்கத்துல அவ்ளோ ஆழம் இறங்கறாரு. என்னை இந்த இருபது படி என்னா பண்ணிடும்?”

இதையெல்லாம் நினைத்து நான் உள்ளுக்குள் குலுங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஸ்வாதி கன்னடம் கலந்து தொடர்ந்தாள்.

“ஸும்னே சொல்லல, ஆண்ட்டி. ப்ரூஃப் இருக்கு. முன்னாடி ஒரு கேஜிஎஃப் பொண்ணு இதை நம்பாம தினம் ஏறிச்சாம். ஸ்டேடிஸ்டிக்ஸ்ல அவுட்!”

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

நிலா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “அம்மா... நீயும் ஸ்டேடிஸ்டிக்ஸ்தானே?”

கேஜிஎஃப்பில் வேறு பெண்களே இல்லையா என்று சமாளித்திருக்கலாம். வாயும் திறந்தேன். வந்ததென்னவோ சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அதில் பாதி வெட்கம். முப்பது வருஷம் ஒளித்து வைத்த பூசணிக்காய் இப்படியா சோற்றிலிருந்து எட்டிப் பார்க்கும்?

“அந்தப் பொண்ணு நான்தான்மா.”

ஸ்வாதி நம்பவே இல்லை. “சான்ஸே இல்ல, ஆண்ட்டி. அந்தப் பொண்ணு செத்துப் போச்சுன்னு சீனியர்ஸ் சொன்னாங்க!”

நிலாவுக்கு வேறு கவலை. “எத்தன மார்க்?”

“முப்பத்திரண்டு.”

“எனக்கு முப்பத்திமூணு!” என்று குதித்தாள். “உன்னவிட ஒண்ணு ஜாஸ்தி!” ஒரு வாரமாக உம்மென்றிருந்த பெண், ஹாலுக்கு நடுவில் என்னைக் கட்டிக்கொண்டாள். இந்தச் சந்தோஷத்துக்காகவே இன்னும் இரண்டு பேப்பரில் ஃபெயிலாகியிருக்கலாம் என்று தோன்றியது.

பழைய கல்லூரிகளின் சரித்திரமே இப்படித்தானோ? கல்லில் வெட்டியதை யாரும் படிப்பதில்லை. ரயிலுக்கு லேட்டான ஒருத்தியின் புளுகு மட்டும் முப்பது வருஷமாக நிற்கிறது.

சரி, கிளப்பியவளே தீர்த்துவிடலாம் என்று நிலாவின் கையைப் பிடித்து இடப்பக்கப் படிக்கு நடந்தேன். கையை உதறிக்கொண்டு வலப்பக்கம் ஓடினாள்.

“அது நான் விட்ட புளுகுடி!”

“புளுகுதான்மா. ஆனா நீ ஃபெயிலானது நெஜமாச்சே!”

நானும் வலப்பக்கமே ஏறினேன்.

வீடு திரும்பியும் நிலா இதுவரை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆக, இதெல்லாம் தெரியாத ஆள் எங்கள் வீட்டில் ஒருவர்தான் பாக்கி. வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை ஒன்றுகூட விடாமல் காபியோடு படிப்பவர்...

என்னங்க, காபி ஆறுது. முதல்ல அதைக் குடிச்சிடுங்க.