வெறும் வயிற்றில் பார்க்கும் நாடி

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நாடிக்காரர் காருக்குள் ஏறுவார். அதற்கு முன் காரைத் துடைத்துவைத்தாற்போல் காலி செய்துவிடுவார். டிக்கியில் கிடக்கும் பெட்டி, பின்சீட்டுத் தலையணை, குடை, தண்ணீர் பாட்டில், எந்தக் காலத்திலோ தொலைந்துபோன ஒற்றை ஷூ, எல்லாம் வெளியே வரும். கடைசியில் காரின் சொந்தக்காரரும் வெளியே வருவார். "வண்டி வெறும் வயித்துல இருக்கணும் சார். ஆளும் சாமானும் இருந்தா நாடி குழம்பிடும்," என்பார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வெறுங்காலைத் தரையில் பதித்து, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஆள் தூங்கிவிட்டாரோ என்று நாம் கவலைப்படும் நேரத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "முன்னாடி, இடது பக்கம், எஞ்சின் ரப்பர் போயிருக்கு," என்பார். பெரும்பாலும் போயிருக்கும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் அந்த வெறுங்காலை நம்பித்தான் அவரிடம் வருகிறார்கள். நாடிக்காரர் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்ப்பதில்லை.

கடை என்பது நீளமான ஒரு தகரக் கொட்டகை. முன்பாதியில் அவர், பின்பாதியில் அவர் மனைவி தையல் மெஷின் போட்டு சீட் கவர் தைக்கிறார். நடுத்தூணில், எந்தக் காரிலிருந்தோ கழற்றிய பக்கக் கண்ணாடி ஒன்று ஆணியில் மாட்டியிருக்கிறது. முகம் பார்க்க மாட்டியதாகச் சொல்வார். அதன் எதிரே நின்று பார்த்தால் முகம் தெரியாது. எதிர்ச்சாரியில் நான்கு கடை தள்ளி இருக்கும் இன்னொரு கார்ப் பட்டறை தெரியும்.

அந்தப் பட்டறைக்காரருக்கு இவர் வைத்திருக்கும் பெயர் 'புதுசு'. பட்டறை வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இவருக்கு இன்னும் புதுசுதான். புதுசிடம் காரை ஆள் உயரத்துக்குத் தூக்கும் லிஃப்ட் இருக்கிறது. காத்திருப்பவர்களுக்கு நாற்காலியும் மின்விசிறியும் இருக்கின்றன. தொட்ட இடத்திலெல்லாம் மஞ்சள் சாக்பீஸால் குறி போடும் பழக்கமும் இருக்கிறது: முடுக்கிய நட்டுக்கு ஒரு கோடு, மாற்ற வேண்டிய பாகத்துக்கு ஒரு வட்டம். "பட்டறையா, பள்ளிக்கூடமா?" என்று நாடிக்காரர் கேட்காத நாள் கிடையாது. கேட்டுவிட்டு, அங்கே இன்றைக்கு எந்தக் கார் நிற்கிறது என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். லிஃப்ட் மேலே ஏறும் சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கிற ஸ்பானர் நின்றுவிடும்.

சென்ற வாரம் அந்தக் கண்ணாடியில் அவர் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டார். டைல்ஸ் கடைக்காரரின் நீலக் கார் லிஃப்டில் ஏறி அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

அந்தக் காரில் இவர் கை படாத இடம் கிடையாது. டைல்ஸ் கடைக்காரருக்குக் கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி. மூன்று முறை பெயின்ட் அடித்தாயிற்று, பிள்ளைகள் வளர்ந்து வேறு கார் வாங்கியாயிற்று. அவர் மட்டும் அதை விடவில்லை. கொஞ்ச நாளாக அதில் ஒரு நடுக்கம். முதலில் சொன்னது அவர் மனைவி, டைல்ஸ் கடைக்கார அம்மாதான். முட்டிவலிக்காரர். பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து வருபவர். "வண்டி அறுபதைத் தாண்டினா என் காலுக்குக் கீழ கிர்ர்னு அடிக்குது," என்றார். நாடிக்காரர் வழக்கம்போல டிக்கியிலிருந்த டைல்ஸ் பெட்டிகளை இறக்கினார், அம்மாவை இறக்கினார், தனியாக ஒரு சுற்று ஓட்டிவந்தார். நடுக்கம் இல்லை. இன்னொரு நாள் வந்தார்கள். அப்போதும் இறக்கினார், ஓட்டினார், இல்லை. "வண்டி தங்கமா இருக்கும்மா. உங்க முட்டியைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்," என்று சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

இப்போது கார் புதுசின் லிஃப்டில். அதன் அடிவயிற்றை யாரோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாடிக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. மத்தியானம் சாப்பாட்டைப் பிசைந்தார், வைத்தார், மறுபடி பிசைந்தார். பின்பாதியில் மெஷின் நின்றது.

"என்னை எவனாவது திரும்பிப் பார்த்தாக்கூட உங்களுக்கு இவ்வளவு எரியாது," என்றார் மனைவி.

"உன்னை எவன் பார்க்கப்போறான்?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு இரவுச் சாப்பாடும் அவருக்குச் சரியாக அமையவில்லை.

மறுநாள் காலை நீலக் கார் தானாகவே அவர் கொட்டகைக்குள் வந்து நின்றது. டைல்ஸ் கடைக்காரர் அம்மாவோடு இறங்கி, "நேத்து அந்தப் பக்கம் போயிருந்தோம். அவரு என்ன சொன்னாருன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அந்த ஆள் பேச்சே இங்க வேண்டாம் சார்."

"இல்ல, அவரு பார்த்துட்டு..."

"வண்டி என்கிட்ட வந்துடுச்சுல்ல? நான் பார்த்துக்கறேன். நீங்க டீ குடிங்க."

குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். ஒவ்வொரு நட்டிலும் ஒரு மஞ்சள் கோடு. முகம் சுண்டிப்போயிற்று. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து முதலில் கோடுகளை அழித்தார். பிறகு நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி முடுக்கினார். ஒன்றாவது லூசாக இருந்திருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கியிருக்கும். எல்லாம் கச்சிதமாக இருந்தன. டயரைப் பார்த்தார், ஸ்டியரிங்கை ஆட்டினார், எஞ்சின் ரப்பர்களை நெம்பினார். அந்த ஆள் எங்கேயாவது எதையாவது சொதப்பி வைத்திருப்பான் என்று தேடினாரே தவிர, நடுக்கத்தைத் தேடவில்லை. டைல்ஸ் கடைக்காரர் நடுவில் இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் அவர் கையில் டீ வந்து சேர்ந்தது.

மத்தியானம் பெட்டிகளை இறக்கிவைத்து, தனியாக ஓட்டிவந்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. கொட்டகைக்குத் திரும்பியவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்தக் கார் கைவிட்டுப் போனால் மற்றவையும் ஒவ்வொன்றாக எதிர்ச்சாரிக்குப் போய்விடும், நாடிக்காரர் என்ற பெயரும் பின்னாலேயே போய்விடும் என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"கால் வலிக்குதுப்பா. சாமானை ஏத்துங்க, வீட்டுக்குப் போறோம்," என்றார் அம்மா.

"நானே ஓட்டிட்டு வந்து விடறேம்மா," என்றார் நாடிக்காரர். காரை அனுப்ப மனசு வரவில்லை. டைல்ஸ் பெட்டிகள் டிக்கியில் ஏறின. அம்மா பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தார், டைல்ஸ் கடைக்காரர் முன்னால். கார் பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்துகொண்டது. நாடிக்காரர் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிக் காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஊருக்கு வெளியே அகலமான சாலையில் வேக முள் அறுபதைத் தாண்டியது. உள்ளங்காலில் கிர்ர் என்று ஏறியது. பின்னாலிருந்து அம்மா கேட்டார்:

"வந்துடுச்சா?"

நாடிக்காரர் ஓரங்கட்டி நிறுத்தி, பழைய செய்தித்தாளை விரித்து, மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் தலையை நுழைத்தார். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்டை நடுவில் தாங்கிப் பிடிக்கும் பேரிங். அதன் ரப்பர் பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பாரம் ஏறிக் கார் தாழ்ந்தால் ஷாஃப்ட் சாய்ந்து உதறும். வெறும் வயிற்றில் சாதுவாக இருக்கும். அந்தப் பேரிங்கின் இரும்புப் பட்டையில், கண்ணில் குத்துகிற மாதிரி, அழகான ஒரு மஞ்சள் வட்டம்.

காலையிலிருந்து டைல்ஸ் கடைக்காரர் சொல்ல வந்தது இதுதான். புதுசு பெட்டியை இறக்கச் சொல்லவில்லை. அம்மாவையும் இறக்கச் சொல்லவில்லை. எங்கே அடிக்கிறது என்று கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். முட்டியை டாக்டரிடம் காட்டச் சொல்லவில்லை. படுத்த வாக்கில் நாடிக்காரருக்குக் காது சுட்டது. லிஃப்டைப் பார்த்துப் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இந்த வட்டத்தின் மேல் வந்ததுதான் பொறாமை. அதைத் தான் போட்டிருக்க வேண்டும். சாலையில் ஒரு லாரி கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டைவிரலால் வட்டத்தை அழுத்தித் தேய்த்து, தடம் தெரியாமல் அழித்தார்.

வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டார். "சென்டர் பேரிங்மா. ரப்பர் கிழிஞ்சிருக்கு," என்றார். குரலில் நாடி பார்த்துச் சொல்லும் பழைய தோரணை இருந்தது.

டைல்ஸ் கடைக்காரர் அவரையே சற்று நேரம் பார்த்தார். "மாட்டிடுங்க. உங்க கையாலதான் மாட்டணும்னுதானே காலையிலேயே வந்தோம்," என்றார்.

நாடிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

பின்சீட்டு ஜன்னல் வழியாக அம்மா ஒரு சின்னத் துண்டை நீட்டினார். "கையைத் துடைச்சுக்கோங்க," என்றார். "விரல்ல மஞ்சளா இருக்கு."

நாடிக்காரர் துண்டை வாங்கவில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மூடிக்கொண்டு, அந்தக் கையாலேயே கார்க் கதவைத் திறந்தார்.