சைலன்சர் மாமாவுக்குக் காது கேட்ட வாரம்

பெட்ரோல் வண்டிக்காரர்களைப் போலப் பிடிவாதக்காரர்களை நான் பார்த்ததே இல்லை. மின்சார பைக் விற்கும் கடையில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள். வருவார்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். டயரை ஒரு உதை உதைப்பார்கள். ஓட்டிவிட்டு வந்து, "பிரமாதம்ங்க, வழுக்கிட்டுப் போகுது" என்று வாயாரப் புகழ்வார்கள். அப்பாடா, ஒரு வண்டி போய்விட்டது என்று நான் நிமிர்ந்து உட்காரும் நேரத்தில், "ஆனா சத்தமே இல்லையே" என்று இழுப்பார்கள். அதோடு சரி, ஆளைப் பார்க்க முடியாது. சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், தாளித்துச் சாப்பிடப் போகிறாயா என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் இளித்துக்கொண்டு வழியனுப்பி வைப்பேன்.

எங்கள் கடைக்கு வந்தால் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் பழைய டயர்களை இடுப்புயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அழகுக்காக இல்லை. பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகிய கை சும்மா இருக்காது. சீட்டில் உட்கார்ந்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்கி, 'விர்ர் விர்ர்' என்று இன்ஜின் உறுமுவதைக் கேட்டாக வேண்டும். எங்கள் வண்டி ஆன் ஆனால் சத்தம் வராது. "என்னங்க, ஸ்டார்ட்டே ஆகல?" என்று கேட்டுக்கொண்டே முறுக்குவார்கள். வண்டி பாயும். இல்லாத கிளட்சை இடது கை தேடும், இல்லாத கியரை இடது கால் மிதிக்கும், அதற்குள் கதவு வந்துவிடும்.

அந்தக் கதவை முதன்முதலில் உடைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, என் அக்கா வீட்டுக்காரர்தான். அவருக்குப் பிறகுதான் டயர் வந்தது. மாமா லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் கூப்பிடுகிற ஆள். வேலை செய்யுமிடத்தில் அவருக்கு 'சைலன்சர்' என்று பேர். அவருடைய பழைய பெட்ரோல் பைக் தெருமுனையில் திரும்பினால் எங்கள் வீட்டுச் சமையலறையில் டம்ளர் ஆடும். அதனால் வந்த பேரா, அல்லது மனிதர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார் என்பதால் வந்த பேரா என்று கேட்டால், பேர் வைத்தவர்களுக்கே தெரியவில்லை.

அக்கா மாத்திரை பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை செய்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் அவளைக் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவது மாமாதான். சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருவதும் அவர்தான். அக்கா மனசில் இருப்பதையெல்லாம் பேசுவது அந்தப் பயணத்தில்தான். வீட்டில் முகத்துக்கு முகம் பார்த்தால் அவளுக்கு வார்த்தை வராது. வண்டியில் அவர் முதுகைப் பார்த்தால் மடை திறந்தமாதிரி கொட்டும். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரன் கேட்பானே என்று நிறுத்திக்கொள்வாள். வண்டி கிளம்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

"உங்க மாமா மாதிரி பொறுமையா கேக்குற ஆள் உலகத்துலயே கிடையாதுடா" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! "ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டார். தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டே வருவார்."

போன வாரம் மாமாவின் வண்டி நடுரோட்டில் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. இன்ஜினைப் பிரித்தால்தான் ஆகும் என்று பைக் மெக்கானிக் சொல்லிவிட்டார். அக்கா ஷிப்டுக்குப் போக வேண்டுமே என்று, முதலாளி கையைக் காலைப் பிடித்து, கடையில் ஓட்டிப் பார்க்க வைத்திருக்கும் வண்டியைக் கொண்டுபோய் மாமா வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

"இதுவா?" என்றார், யாரோ செத்துப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "இது பைக்கா, மிக்சியா?"

"மிக்சி சத்தம் போடும் மாமா. இது அதுகூடப் போடாது. ஏறுங்க."

மறுநாள் மத்தியானம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். திருதிருவென்று முழித்தார். வண்டியை எதிலோ கொண்டுபோய் இடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"மாப்ள, உங்க அக்கா எங்கயாச்சும் போறாளா?"

"எங்க மாமா?"

"அதத்தான் உன்கிட்ட கேக்குறேன்." குரலைத் தாழ்த்தினார். "காலைல பின்னாடி உக்காந்து பேசிக்கிட்டே வந்தா. திங்கக்கிழமைக்கு அப்புறம் தண்ணி கேன் நான்தான் வாங்கி வைக்கணுமாம். கேஸ் தீந்தா யாருக்கு போன் பண்ணணும்னு சொல்றா. என் பிரஷர் மாத்திரை எந்த டப்பால இருக்குன்னு சொல்றா. அவ உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நடிக்காதீங்க மாமா! கம்பெனிக்காரங்க வேற ஊர்ல புதுசா தொறக்குற இடத்துக்கு அக்காவ சூப்பர்வைசராக் கூப்பிட்டாங்கல்ல? அங்கயே தங்கணும்னாங்கல்ல? 'நான் போகட்டுமா'ன்னு உங்ககிட்ட கேட்டா. நீங்க ஒரு வார்த்தை 'போகாதே'ன்னு சொல்லுவீங்கன்னுதான் கேட்டா. நீங்க என்னடான்னா நல்லாத் தலைய ஆட்டியிருக்கீங்க. ஒரு தடவை இல்ல, மூணு நாள் கேட்டாளாம். மூணு நாளும் ஆட்டுனீங்களாம். 'நான் இல்லன்னா அவருக்கு நிம்மதி போல'ன்னு போன்ல என்கிட்ட அழுதா!"

"நானா? எங்க வச்சுக் கேட்டா?"

"வேற எங்க? வண்டிலதான்."

"வண்டிலயா?" மாமா ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. "அந்த இன்ஜின் சத்தத்துல எனக்கு எப்படி மாப்ள கேக்கும்? ஹாரன் அடிச்சாலே கேக்காது."

"அப்ப தலைய ஆட்டுனது?"

"நான் எங்க ஆட்டினேன்? ரோடு ஆட்டுச்சு."

அவர் வீட்டிலிருந்து கம்பெனி வரைக்கும் அந்த ரோட்டைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்தேன். பாதி குழி, மீதி வேகத்தடை. அதில் ஹெல்மெட் போட்ட தலை எவனுக்கும் ஆடத்தான் செய்யும்.

"இத்தன வருஷத்துல ஒரு நாள்கூடவா கேக்கல?"

"ஏதோ முணுமுணுன்னு கேக்கும். பாட்டுப் பாடிக்கிட்டு வர்றான்னு நெனச்சேன்." மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். "நம்ம வீட்டம்மா சந்தோஷமா இருக்கான்னு நெனச்சேன் மாப்ள."

சிரிப்பதா, அந்த மண்டையில் நாலு போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இதுல என்ன குழப்பம்?" என்றேன். "இன்னைக்கே போய் உண்மையச் சொல்லுங்க. எனக்கு எதுவும் கேக்கல, நீ போக வேணாம்னு சொல்லுங்க. முடிஞ்சுது."

"அப்ப, அத்த செத்த வருஷம் அவ பின்னாடி உக்காந்து என்கிட்ட என்னல்லாம் சொல்லியிருப்பா?" என்று கேட்டார் மாமா.

அத்தை என்றால் அவருக்கு மாமியார், எனக்கு அம்மா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா இறந்த பிறகு ஒரு வருஷம் அக்கா யாரிடமும் அழவில்லை. எப்படி அக்கா தாங்குகிறாய் என்று கேட்டபோது, "எல்லாத்தையும் அவர் முதுகுல அழுது தீத்துட்டேன்டா. அவர் கேட்டுக்கிட்டார்ல, அது போதும்" என்றாள். இப்போது இந்த மனிதர் போய், எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்று சொன்னால், அந்த ஒரு வருஷ அழுகையும் காற்றோடு போனதாக ஆகிவிடாதா? சொல்லாவிட்டால் திங்கட்கிழமை கம்பெனி வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

"சொல்லாதீங்க மாமா" என்றேன்.

"இப்பத்தான சொல்லச் சொன்ன?"

"அப்ப சொல்லுங்க. அய்யோ, எனக்குத் தெரியல மாமா! என்னைக் கேக்காதீங்க!"

அந்த நேரம் பார்த்து மாமாவின் போன் அடித்தது. மெக்கானிக். வண்டி தயார், வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். இன்ஜின் முன்னைவிட நல்லா உறுமுது சார், தெருவே திரும்பிப் பாக்கும் என்று அவர் பெருமையடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. மாமா போனைப் பார்த்தார். வாசலில் சத்தமில்லாமல் நிற்கும் என் வண்டியைப் பார்த்தார். பழைய வண்டியை எடுத்துக்கொண்டால் எதுவும் காதில் விழாது, எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் அவராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"நாளைக்கு வரேன்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமலே போனார்.

மறுநாள் காலையில் நடந்ததை அக்கா சொல்லிப் பாதியும் மாமா சொல்லிப் பாதியுமாகத்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனிக்குப் போகும் வழியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாமா வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார்.

"என்னங்க, சார்ஜ் போச்சா?"

"இல்ல. நீ போகாதே."

"நீங்கதான சரின்னீங்க?"

அப்புறம் மனிதர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இன்ஜின், ஹெல்மெட், குழி, பாட்டு என்று நினைத்தது, ஒன்று விடாமல். அக்கா இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாளாம். மாமா வண்டியை உருட்டாத குறையாகப் பின்னாலேயே போயிருக்கிறார்.

"பழைய வண்டியா இருந்தா பின்னாடி வர்றாரா இல்லையான்னு சத்தத்துலயே தெரிஞ்சிருக்கும்டா" என்றாள் அக்கா. "இந்த ஊமை வண்டில ஒண்ணும் தெரியல. கோவத்துல விட்டுட்டுப் போயிட்டாரோன்னு அடிக்கடி திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டியதாப் போச்சு. மானக்கேடு."

"இருந்தாரா?"

"இருந்தார்."

கம்பெனி வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். "அம்மா கடைசியா என்கிட்ட என்ன சொன்னாங்கன்னு உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். அதுவும் கேக்கலயா?"

"கேக்கல."

அக்கா உள்ளே போய்விட்டாள். மாமா அன்றைக்கு எந்த லிஃப்டையும் சரி செய்யப் போகவில்லை. ஷிப்ட் முடியும் வரைக்கும் அந்த கேட்டுக்கு எதிரிலேயே நின்றிருக்கிறார். எவ்வளவோ கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை என்று அவருடைய மேலாளர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார், அது தனிக் கதை. சாயங்காலம் வெளியே வந்த அக்கா அவரைப் பார்த்தாள். வந்து வண்டியில் ஏறினாள். தண்ணீர்த் தொட்டி தாண்டும் வரைக்கும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. வண்டியும் திறக்கவில்லை.

"சொல்லு" என்றாராம் மாமா.

"எத?"

"எல்லாத்தையும்."

"எங்கேருந்து?"

"மொதல்லருந்து."

வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் மாமா திரும்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் அவர் தன்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனது, பயத்தில் அவருடைய சட்டையைப் பிடித்தது, அதைக்கூட அவர் கவனிக்காதது வரைக்கும்தான் அன்றைக்குச் சொல்ல முடிந்ததாம். அப்புறம் சார்ஜ் நிஜமாகவே தீர்ந்துவிட்டது. இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

திங்கட்கிழமை கம்பெனி வேன் அக்கா இல்லாமல்தான் போனது. ஒரேயடியாக மாட்டேன் என்றும் அவள் சொல்லவில்லை. "அடுத்த தடவை கேளுங்க, யோசிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அந்த வேலை மேல் ஆசையும் இருக்கிறது, எனக்குத் தெரியும். அடுத்த தடவை கேட்டால் என்ன சொல்வாள், மாமா என்ன சொல்வார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களுக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. பெட்ரோல் செலவு மிச்சம், புகை கிடையாது, பராமரிப்பு குறைவு என்று வருஷக் கணக்காகத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். ஒரு பெட்ரோல் வண்டிக்காரனும் மசியவில்லை. இருப்பதிலேயே பெரிய பிடிவாதக்காரர் இப்போது வண்டியைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார். இதை நான் கடைக்கு வருகிறவனிடம் என்ன சொல்லி விற்பது?

நேற்று முதலாளி பொறுமை இழந்துவிட்டார். மாமாவுக்கு போன் போட்டேன். "மாமா, ஒண்ணு வண்டிய வாங்கிக்கோங்க, இல்ல கொண்டாந்து விடுங்க. ஓட்டிப் பாத்தது போதாதா?"

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம், "இரு, உன் தம்பி. நிறுத்தாத, இதோ வந்துட்டேன்" என்றார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"இப்ப எப்படி மாப்ள தர்றது? அவ சொல்லிட்டு வர்றதுல, இன்னும் அத்தைய ஆஸ்பத்திரில சேக்குற எடத்துக்கே நாங்க வரல."