தீவில் ஒரு தலை குறைந்தது

முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவரை ஒரு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டெப்போவில் அவருக்கு 'ரைட்டு' என்றுதான் பெயர். வேலை போனாலும் குரல் அவரை விட்டுப் போகவில்லை. மனைவி சமையலறை வாசலில் நின்று யாருடனாவது பேசினால், "படியில நிக்காதம்மா, உள்ள போ" என்பார். குளியலறைக் கதவைத் தட்டி, "சீக்கிரம், பின்னாடி ஆள் நிக்குது" என்பார். பின்னால் நிற்பது அவர் ஒருவர்தான்.

தையல்கடையில் பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் மாதம் நூலகச் சுவரில் ஒரு அறிவிப்பைப் பார்த்தாள். ஏழு குடும்பங்கள் மட்டுமே வாழும் தீவுக்கு ஒரு நாள் படகுப் பயணம். பறவைகள், பழைய கட்டடங்கள். அன்றே இரண்டு இடம் சொல்லிவைத்துவிட்டு வந்தாள்.

ரைட்டு வாழ்க்கையில் முதல்முறையாகப் பயணியாக உட்கார்ந்தது அந்தப் படகில்தான். சரியாக ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு எழுந்துவிட்டார்.

"பையை மடியில வச்சுக்குங்க. அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அந்தப் பக்கம் எடம் கெடக்குது பாருங்க."

ஆச்சரியம், எல்லோரும் கேட்டார்கள். படகுக்காரர் ஓர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். ரைட்டு தலைகளை எண்ணினார். தன்னையும் சேர்த்து இருபத்துமூன்று. "போலாம்" என்றார். படகும் புறப்பட்டது.

தீவில் சுற்றிக்காட்ட வந்தவள் அந்த ஏழு குடும்பங்களில் ஒருத்தி. பாவம், அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காற்றுதான் வந்தது. முன்வரிசையில் நின்ற ரைட்டு, "நீங்க மெதுவா சொல்லுங்கம்மா, கடைசி சீட்டு வரைக்கும் நான் சேத்துடறேன்" என்றார். அவளுக்கும் அது வசதியாகப் போயிற்று.

முதலில் மணல்மேட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஆலாப் பறவைகள் வெறும் மணலிலேயே முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தன. அவள் அவர் காதில் கிசுகிசுத்தாள்: "சத்தம் போட்டா பறந்துடும்."

ரைட்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "யாரும் சத்தம் போடக் கூடாது! போட்டா பறந்துடுமாம்!"

நானூறு பறவைகள் ஒரே சமயத்தில் எழும்பின. வானம் கொஞ்ச நேரம் வெள்ளையாகிவிட்டது. பலருடைய தொப்பியும் வெள்ளையாகிவிட்டது. வழிகாட்டி தலையில் கை வைத்துக்கொண்டாள். "சொன்னேன்ல" என்றார் ரைட்டு கூட்டத்தைப் பார்த்து.

அடுத்து ஒரு பழைய கல்கட்டடம். அந்தக் காலத்தில் கப்பலில் காய்ச்சலோடு வந்தவர்களை நாற்பது நாள் அடைத்துவைத்த இடம். கூரை போய்விட்டது. ஓர் அறைச் சுவரில் யாரோ ஆணியால் கோடு கோடாகக் கீறியிருந்தார்கள், ஒரு நாளுக்கு ஒன்று. மற்றவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ரைட்டு நகரவில்லை. விரல் வைத்து எண்ணினார். முப்பத்தெட்டு. திரும்பவும் எண்ணினார். முப்பத்தெட்டுதான்.

"ரெண்டு கொறையுதே" என்றார்.

"ஆள் போயிருப்பாரு" என்று வழிகாட்டி கையை மேலே காட்டினாள்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. "அப்படி இருக்காதும்மா. நல்லா ஆயிட்டாருன்னு ரெண்டு நாள் முன்னாடியே எறக்கி விட்டிருப்பாங்க" என்றார். அந்தச் சுவரை விட்டு வர வெகுநேரம் ஆனது.

மூன்று மணிக்குப் படகு. எல்லோரும் ஏறியதும் எண்ணினார். இருபத்திரண்டு.

"வண்டியை எடுக்காதீங்க. ஒரு ஆள் கொறையுது."

படகுக்காரர் தண்ணீரைப் பார்த்தார். "அலை ஏறுது சார். எல்லாரும் இருக்காங்க போல."

"இல்ல. அவங்கவங்க கூட வந்தவங்க இருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

எல்லோரும் பார்த்தார்கள். அக்காவுக்குத் தங்கை இருந்தாள், மாமனாருக்கு மருமகள் இருந்தாள். யாருக்கும் யாரும் குறையவில்லை. "கூட வந்தவங்களைத் தொலைச்சுட்டுத் தெரியாம உக்காந்திருக்கறது யாருங்க?" என்று ரைட்டு கோபமாகவே கேட்டார்.

பின்னால் இருந்த ஓர் அம்மாள் மெல்லச் சொன்னாள்: "சார், காலையில உங்க பக்கத்துல நீலப் புடவை கட்டி ஒருத்தங்க இருந்தாங்களே."

படகில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க ஆளுக்கொரு திசையில் கடலைப் பார்த்தார்கள்.

அவர் ஓடினார். கல்கட்டடத்தைத் தாண்டி, மணல்மேட்டைத் தாண்டி, தீவு முடிகிற இடத்தில் ஒரு பாறையின் மேல் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே, மணல்மேட்டின் மறுசரிவில், சில ஆலாக்கள் திரும்பிவந்து முட்டைமேல் அமர்ந்திருந்தன.

"எப்ப வந்தே இங்க?"

"மணி பன்னெண்டு இருக்கும். உங்க சத்தம் கேக்காத எடமா பாத்துக்கிட்டே நடந்தேன். தீவே முடிஞ்சு போச்சு."

"விட்டுட்டுப் போயிருந்தா?"

"நீங்க கணக்குப் பாக்காம எடுப்பீங்களா?"

அவர் முகம் வாடிவிட்டது. மூன்று மணி நேரம் அவள் பக்கத்தில் இல்லாதது தெரியாமலே இருந்திருக்கிறார். ஒரு நிமிடம்கூட யாருக்காகவும் பஸ்ஸை நிறுத்திவைக்காதவர், படகு நின்ற பக்கம் திரும்பி, ஐந்து நிமிடம் என்று விரலைக் காட்டினார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பறவை லேசாக எழுந்து முட்டையைப் புரட்டிவிட்டு மறுபடி அமர்ந்தது.

"எத்தனை முட்டை இருக்கும்?" என்று அவர் கிசுகிசுத்தார். அவருக்கு அப்படியும் பேச வரும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

"எண்ணாதீங்க" என்றாள்.

திரும்பும்போது வழிகாட்டி அவரிடம் அடுத்த ஞாயிறும் வர முடியுமா என்று கேட்டாள். மணல்மேட்டை மட்டும் தவிர்த்துவிடலாம் என்றாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் போகிறார். மனைவி அந்தப் படகில் ஏறுவதில்லை. மாதம் ஒரு புதன்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தனியாகத் தீவுக்குப் போய்வருகிறாள். அன்றைக்கு வீட்டில் அவர் சமையல். சாப்பாடு சுமார்தான், ஆனாலும் அவள் குறை சொல்வதில்லை.