மறுபடியும் அந்த வளைவுகளில்

என் மகள் கோத்தகிரியில் பிறந்தாள். பிறந்த கொஞ்ச நேரத்தில் எனக்கு ரத்தப்போக்கு நிற்காமல் போகவே, ஆம்புலன்ஸில் மலையிலிருந்து கோயம்புத்தூருக்கு இறக்கினார்கள். குழந்தை மாமியார் கையில் மேலேயே இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் என் உடம்பு சாய, நர்ஸ் கன்னத்தில் தட்டி, "தூங்காதீங்க, கண்ணத் தொறங்க" என்று கத்திக்கொண்டே வந்தார். பெற்ற பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே சாகப்போகிறேன் என்று நினைத்தேன்.

பிழைத்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வண்டி என்னை விடவில்லை. சைரன் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலில் ஒடுங்குவேன். குளிக்கையில் காலில் வழியும் வெந்நீர் ரத்தமாகத் தோன்றும். குழந்தையைத் தூக்கவே பயப்படுவேன்.

"கொழந்தையும் நல்லாருக்குது, நீயும் பொழச்சு வந்துட்டே. இன்னும் என்ன கண்ணு?" என்பார் மாமியார். எனக்கே தெரியவில்லையே!

தடுப்பூசி போடப் போன அன்று, குழந்தையைப் பார்த்து முடித்த டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க எப்படி இருக்கீங்க?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பெரிய விபத்துல தப்பிச்சவங்களுக்கு வர்ற மன அதிர்ச்சி, இந்த மாதிரி பிரசவத்துக்கு அப்புறமும் வரும். ஆபத்து முடிஞ்சிருச்சுன்னு உங்க மனசுக்கு இன்னும் தெரியல. குணமாக்கலாம்."

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லீங்களா?"

"இல்லவே இல்லை."

வாசலில் காத்திருந்த வீட்டுக்காரரிடம் ஓடினேன். "ஏனுங்க, இது வியாதிதானுங்க! சரியாயிருமாம்!"

அவர் கண் கலங்கிவிட்டது. "நானும் ஆம்புலன்ஸு பொறத்தால ஜீப்புல வந்தனே. எனக்கும் அந்தச் சைரன் சத்தங் கேட்டா காதப் பொத்திக்கறேன். உங்கிட்டச் சொல்லல."

அதன் பிறகு இருவருமே மனநல ஆலோசகரிடம் போனோம். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஆரம்பத்தில் முதல் வளைவைத் தாண்டவே என்னால் முடியவில்லை. போகப்போக ஆஸ்பத்திரி வாசல் வரை சொல்லி முடித்தேன். போனில் சைரன் சத்தத்தை மெதுவாக வைத்துக் கேட்டுப் பழகினேன். ஒரு காலையில் மகள் என் விரலைப் பிடித்து இழுக்க, பயப்படாமல் அவளைத் தூக்கி முகமெல்லாம் முத்தமிட்டேன்.

அவளுக்கு ஒரு வயது முடிந்த பிறகுதான், அதே வளைவுகளில் கீழே இறங்கும் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மூவரும் ஏறினோம். முதல் வளைவில் நெஞ்சு படபடத்தது. ஆலோசகர் சொல்லிக்கொடுத்தபடி பாதங்களைத் தரையில் அழுத்தி, மூச்சை நிதானமாக விட்டேன். இரண்டாவது, மூன்றாவது வளைவும் போயின. ஜன்னலுக்கு வெளியே இவ்வளவு பள்ளத்தாக்கா! இத்தனை பச்சையா! அன்று படுத்திருந்தவளுக்கு வண்டியின் கூரை மட்டும்தானே தெரிந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் நான் "ஓய்!" என்று கூவ, மகளும் கைதட்டிக் கூவினாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கீழே இறங்கியதும் வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே கேட்டேன், "ஏனுங்க, அடுத்த பஸ்ஸுல மேல போலாமுங்களா?"

"இப்பத்தான எறங்குனோம்?"

"ஏறிட்டு மறுபடியும் எறங்கலாம்னுதானுங்க!"